நாத்தனார் இல்லாத வீடு

1900 ஜனவரி 8, திங்கள்

இந்த நோட்டு மருந்து விடும் நேரத்தை எழுதி வைப்பதற்காக வாங்கியது. கண் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு உதவியாக இருக்கும் தமிழ் டாக்டர்தான் எழுதச் சொன்னார். மருந்து நேரம் ஒரு நாளைக்கு இரண்டு வரி. மீதிப் பக்கத்தை வீணாக்குவானேன்?

எதையும் முறையாகத் தொடங்க வேண்டும் என்பார் என் அப்பா. பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்தவர். ஆகையால் முறையாகவே தொடங்குகிறேன். என் பெயர் சுகிர்தம். வயது இருபத்தாறு. சென்னை வேப்பேரியில் குடியிருக்கிறோம். என் கணவர் பெயர் மாசிலாமணி. பகலில் மிஷன் பள்ளியில் ஆசிரியர். மற்ற நேரமெல்லாம் மாதப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவர். மூன்று வயதில் ஒரு மகள். மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் யாரும் கிடையாது. கல்யாணத்தின்போது என் சித்திகள் எல்லாம், "கொடுத்து வைச்சவ, நாத்தனார் இல்லாத வீடு" என்று பெருமூச்சு விட்டார்கள். 

இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. முப்பத்தைந்து வயதில் இது வரக்கூடாது என்று துரை வியந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதை டாக்டர் தமிழில் சொன்னார்: "சின்ன வயசுல ரொம்ப நாள் பட்டினி கிடந்தீங்களா? தாது வருஷப் பஞ்சத்துல தப்பிச்சவங்களுக்கு இப்படிச் சீக்கிரமா வர்றதை துரை பார்த்திருக்கார்."

"இல்லைங்க. நான் உபதேசியார் வீட்டுப் பிள்ளை. சோத்துக்குக் குறைவில்லை" என்றார் இவர்.

அதுதான் எனக்கும் தெரிந்தது. சேலம் பக்கத்தில் கிராமத்துச் சபைக்கு ஊழியம் செய்த உபதேசியாருக்கு ஒரே பிள்ளை. தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் போனார்கள். மிஷன் எடுத்து வளர்த்தது. வியாழக்கிழமை வலது கண்ணை அறுக்கிறார்கள்.

ஜனவரி 10, புதன்

ஆஸ்பத்திரிக்கு மூட்டை கட்டினேன். நான் கட்டியதை அவிழ்த்து அவர் மறுபடி கட்டினார். கண் தெரியாவிட்டாலும் முடிச்சு மட்டும் அவர் போட்டதாக இருக்க வேண்டும். அது மனிதரால் அவிழ்க்கக்கூடிய முடிச்சு அல்ல. அச்சகத்துத் திருவேங்கட நாயுடு, "வாத்தியார் கட்டின புரூப் கட்டைப் பிரிக்கவே ஒரு கத்தி தனியா வச்சிருக்கேம்மா" என்று சொல்வார்.

ஊருக்கெல்லாம் இளகிய மனசுக்காரர். வீட்டில் சில விஷயங்களில் கல். சாதம் மிச்சம் வைத்தால் பேச மாட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் ரூத் என்று பெயர் வைத்தோம். வீட்டில் இவர் பூவாயி என்றே கூப்பிடுகிறார். பட்டிக்காட்டுப் பெயராக இருக்கிறதே என்றேன். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். 

போன வருஷம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மாவு அரைக்கும்போது குழந்தை அடுப்பண்டை போகாமல் இருக்கப் பழைய சேலையால் அவள் இடுப்பைத் தூணோடு கட்டி வைத்தேன். எங்கள் ஊரில் எல்லாத் தாயும் செய்வதுதான். பள்ளியிலிருந்து வந்தவர் பார்த்தார். சேலையைக் கிழித்தே எடுத்தார். "கட்டிப் போட்டுட்டுப் போறவ தாயா?" என்று கத்தினார். நான் எங்கே போனேன், மூன்றடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தேன்? நானும் கத்தினேன். இரண்டு நாள் பேச்சில்லை. எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை அது ஒன்றுதான்.

ஜனவரி 11, வியாழன்

ஆயிற்று. இரண்டு கண்ணிலும் கட்டு. மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, குனியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக நாற்பத்திரண்டு நாளைக்கு அழக்கூடாது. "புண் ஆறுற வரைக்கும் கண்ணீர் வந்தா, தேம்பினா, தையல் இல்லாத காயம் திறந்துக்கும், அப்புறம் அந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். நான் சிரித்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. என் அப்பா செத்த அன்றுகூட.

ஜனவரி 14, ஞாயிறு

மருந்து: 7, 11, 3, 7.

கோயிலில் ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டில்காரர் ஆற்காட்டு முதலியார். அவருக்கும் கட்டு. இவர்தான் அந்தக் கதை எழுதுகிறவர் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு உற்சாகம். "ஐயா, அந்தச் சின்னி கெடைச்சாளா இல்லியா, என்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. ஆபரேஷன்ல பொழைச்சும் இது தெரியாம இருக்க முடியல" என்றார்.

இப்போது வரும் கதை இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியது. அண்ணனும் ஐந்து வயதுத் தங்கை சின்னியும் கஞ்சித் தொட்டியைத் தேடி நடக்கிறார்கள். கூட்டத்தில் தங்கை மிதிபட்டுப் போவாள் என்று அண்ணன் அவளை ஒரு புளியமரத்தடியில் உட்கார வைக்கிறான். எங்கும் போய்விடாதபடி தன் அரைஞாண் கயிற்றை அறுத்து அவள் கையை வேரோடு கட்டுகிறான். இது நவம்பர் இதழ். தொன்னையில் கஞ்சியோடு ஓடி வருகிறான். கயிறு கிடக்கிறது, தங்கை இல்லை. இது டிசம்பர் இதழ். ஜனவரி இதழ் முழுவதும் தேடுகிறான். இன்னும் ஒரே அத்தியாயம் பாக்கி.

முதலியாரைப் போல நூறு பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். வாசகர் கடிதங்களை நான்தான் இவருக்குப் படித்துக் காட்டுவது. முதல் கதையில் பஞ்சாலை வாசலில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளையைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஆலைக்காரர் ஒருவர் தம் ஆலையில் தாய்மாருக்கு நடுப்பகலில் ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தாராம். அந்தக் கடிதத்தை நாலு தரம் படிக்கச் சொன்னார். இரண்டாவது கதையில் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணியோடு கப்பலேறிப் போன தகப்பனுக்காகத் துறைமுகத்தில் ஒரு பெண் காத்திருக்கிறாள். இதில் சின்னி.

"எப்பப் பார்த்தாலும் ஒரு பிள்ளை எங்கேயாவது உட்கார்ந்து காத்துக்கிட்டு இருக்கு. வேற கற்பனையே வராதா உங்களுக்கு?" என்று கிண்டல் செய்தேன்.

கட்டுக்குக் கீழே வாய் மட்டும் சிரித்தது. "நாட்டுல அதுதானே நடக்குது, சுகிர்தம்" என்றார்.

ஜனவரி 23, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. இடது கண்ணைத் திறந்துவிட்டார்கள், அதில் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியாது. வலதில் கட்டு. பூவாயி அப்பாவுக்கு அருகே உட்கார்ந்து தன் பொம்மைக்கும் துணி கட்டினாள். சமையல்: கத்தரிக்காய்க் குழம்பு. உறைப்பு கூடாது, புரை ஏறினால் இருமல் வரும்.

ஜனவரி 27, சனி

மருந்து: 7, 11, 3. ஏழு மணி மருந்து பதினைந்து நிமிஷம் தாமதம். என் தவறு.

குடியாத்தத்திலிருந்து ஒரு கடிதம். வழக்கம்போலச் சத்தமாகப் படிக்கத் தொடங்கி முதல் இரண்டு வரியோடு நின்றேன். "என்ன?" என்றார். "எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு, அப்புறம் படிக்கிறேன்" என்றேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதியவர் ஓவர்சியர் மனைவி கோமளம் என்ற அம்மாள். கடிதத்தை இங்கே அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"மகா ஸ்ரீ ஆசிரியருக்கு. எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வளையல் விற்கிறவள் வருவாள். நான் பெண்களுக்குத் தங்கள் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் கைக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். நவம்பர் இதழிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு தங்களுக்கு எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்:

'ஐயா, என் பேரு பூவாயி. இந்தக் கதைய உங்களுக்குச் சொன்னவன் யாரோ அவன் எங்கண்ணன் சடையன்தான். புளியமரம், அரணாக்கயிறு, எல்லாம் சரி. ஆனா அவன் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கான். கஞ்சி வாங்கிக்கினு திரும்பி வந்தான்னு எழுதிக்கீறீங்க. அவன் வர்ல. ரெண்டு ராத்திரி குந்தினு இருந்தேன். அந்த முடிச்ச அவுக்க முடியல. பல்லால கடிச்சி அறுத்தேன். வளையல்காரங்க வண்டியில ஏத்திக்கினாங்க. அவன் உசுரோட இருந்தா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் சாவல.'"

பூவாயி.

உள்ளறையில் இவர் அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

எனக்குக் கோபம். எழுதியே தீர வேண்டும். உபதேசியார் பிள்ளை என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பா நம்பினார். சபையின் கல்யாணப் பதிவேட்டிலும் இவர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு என் சோற்றையே ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கிறார். தன் கைமுடிச்சைப் போட்டுவிட்டுப் போனவர், என்னைப் பார்த்து "கட்டிப் போட்டுட்டுப் போறவ தாயா" என்று கேட்டார்! அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

மத்தியானம் மருந்து விடக் கட்டை அவிழ்த்தேன். வலது கண் சிவந்து, குழந்தையின் கண்போல ஈரமாக இருந்தது. கண்ணை இடுக்காமல், அசையாமல் இருந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயது அப்போது. என் தம்பிக்கு இப்போது பன்னிரண்டு. அவனுக்கு இன்னும் செருப்பு எந்தக் காலுக்கு எது என்று தெரியாது.

கேட்டால் அழுவார். அழுதால் கண் போகும். இன்னும் இருபத்தைந்து நாள்.

ஜனவரி 29, திங்கள்

குடியாத்தத்துக்கு நானே கடிதம் எழுதினேன். மூன்று தாளைக் கிழித்த பிறகு நாலாவது தாளில் சுருக்கமாக எழுதினேன். கதை எழுதுகிறவரே சடையன். அவர் என் கணவர். கண் அறுத்திருக்கிறார்கள், பிப்ரவரி 22 வரை அழக்கூடாது. அதுவரை அவரிடம் சொல்ல மாட்டேன், மன்னிக்க வேண்டும். எங்கள் குழந்தைக்கும் பூவாயி என்று பெயர். இப்படிக்கு, உங்கள் அண்ணி.

'அண்ணி' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள்.

பிப்ரவரி 1, வியாழன்

மருந்து: 7, 11, 3, 7.

இன்று கடைசி அத்தியாயம் சொல்வதாக இவரே உட்கார்ந்தார். நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். டிசம்பரிலிருந்து இப்படித்தான்: அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். பேனா தாளில் உராயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சொல்லுவார். சத்தம் நின்றால் அவரும் நிற்பார்.

"எழுதிக்கோ. மூன்றாம் நாள் காலையில் அவன் சின்னியைக் கண்டான்."

எழுதினேன்.

"ஆற்று மணலில் அவள் தூங்குவதுபோலக் கிடந்தாள். அவள் மணிக்கட்டில்..."

என் கை நின்றது. அவரும் நின்றார். "என்ன, மை தீர்ந்துபோச்சா?"

"இல்லை. முள்ளு சிக்கிக்கிச்சு."

பேனாவைத் துணியில் நன்றாகத் துடைத்தேன். மை இல்லாத முள்ளால் தாளின் மேல் கீறத் தொடங்கினேன். சத்தம் அதேதான். அவர் தொடர்ந்து சொன்னார். சின்னியின் கண்ணை மூடியது, மணலைக் கையால் தோண்டியது, கொண்டு வந்த கஞ்சியை அந்த மணலில் ஊற்றியது. அரை மணி நேரம் சொன்னார். நான் அரை மணி நேரம் கீறினேன். உயிரோடு இருந்து குடியாத்தத்தில் வளையல் விற்கிறவளை என் கையெழுத்தில் எப்படிச் சாகடிப்பேன்?

அவர் ஏன் சாகடிக்கிறார் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செத்துப் போனவள் காத்துக்கொண்டிருக்க மாட்டாள். இருபத்துமூன்று வருஷமாக அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பி அனுப்ப அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆலை வாசலில் இருந்ததும் அவள்தான், துறைமுகத்தில் இருந்ததும் அவள்தான்.

கடைசியில், "திருப்பிப் படி" என்றார். வெறும் தாளைப் பார்த்து ஞாபகத்திலிருந்து சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. கட்டு இல்லாத கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார். 

"அழக்கூடாது!" என்று அதட்டினேன். 

"அழலை. முடிச்சாச்சு, அவ்வளவுதான்" என்றார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

திருவேங்கட நாயுடு அத்தியாயத்துக்கு வந்தார். இவரைத் தூங்க வைத்துவிட்டு வாசலிலேயே நிறுத்தி, அத்தியாயம் இல்லை என்றேன்.

"என்னம்மா இது! வாத்தியாரே முடிஞ்சுதுன்னு யாரையோ போஸ்டுகார்டு எழுதச் சொல்லிப் போட்டிருக்காரே?"

"முடியலை. நான் சொல்றேன், முடியலை."

"கொழந்த செத்துதா, பொழைச்சுதா? அதையாவது சொல்லுங்க. கம்பாசிட்டருங்களுக்குள்ள பந்தயம் நடக்குது."

"பந்தயத்தை மார்ச் மாசத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆசிரியரின் கண் சிகிச்சையை முன்னிட்டு இம்மாதம் கதை வெளிவராது என்று அச்சடித்துவிடுவார். இவரிடம் என்ன சொல்வது? அத்தியாயத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தனுப்பியதாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன் அவர் சொன்ன பொய்க்கும் இந்த வாரம் நான் சொன்ன பொய்களுக்கும் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சரியாகவில்லைதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

குடியாத்தத்திலிருந்து பதில் இல்லை. வாழைப்பூ வாங்கினேன், உள்ளே அழுகல்.

பிப்ரவரி 14, புதன்

பதில் வந்தது. கோமளத்தம்மாள் தன் சார்பில் ஒன்றும் சேர்க்கவில்லை. நாலே வரி.

"அண்ணிக்கி. கெடச்சது. கண்ணு ஆற வரைக்கும் சொல்லாதீங்க. அங்க வான்னு கூப்புடாதீங்க, நான் வர மாட்டேன். நான் ஒரு எடத்துல குந்தினுதான் இருந்தேன். போனவன்தான் திரும்பி வரணும்."

சரிதான். நான் மட்டும் அவள் இடத்தில் இருந்தால் இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. கட்டு எடுத்துத் தடிக் கண்ணாடி போட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இளைச்சுட்டியே" என்றார். அதற்காகவா ஆபரேஷன்?

டாக்டரைத் தனியே கேட்டேன்: "இனிமே இவர் அழலாமா?"

டாக்டர் சிரித்தார். "மீன் சாப்பிடலாமான்னு கேப்பாங்க, குளிக்கலாமான்னு கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்லைம்மா. புண் நல்லா ஆறிடுச்சு. தாராளமா அழலாம்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், "அந்தக் கடைசி அத்தியாயத்தை எடு. நான் கண்ணால படிக்கணும்" என்றார். இதைத்தான் கேட்பார் என்று தெரியும். தாள்களைக் கொடுத்தேன். முதல் வரியில் மை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீறல்கள் தெரிந்தன.

"சுகிர்தம், இதுல எழுத்தே இல்லையே?"

"நான் எழுதலை. எழுத முடியலை. காரணம் இதுல இருக்கு" என்று குடியாத்தத்துக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன்.

புதுக் கண்ணால் அவர் படித்த முதல் கடிதம் அது. நின்றபடியே படித்தார். 'என் பேரு பூவாயி' என்ற இடத்துக்கு வந்தபோது உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில், தரையில். பிறகு அழுதார். நான் பயந்துவிட்டேன். அப்படி ஒரு பெரிய மனிதர் அழுது நான் கேட்டதில்லை. பூவாயி ஓடி வந்து, "அழக்கூடாது, கண்ணு போயிடும்" என்று தன் பாவாடையால் அவர் முகத்தைத் துடைத்தாள். நாற்பத்திரண்டு நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிள்ளை பாடம் பண்ணியிருக்கிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கஞ்சித் தொட்டியில ஒரு பாதிரியார் வண்டியோட வந்திருந்தார். அனாதைப் பசங்களை மட்டும் எடுத்துக்கிட்டார். என்கிட்ட வந்து, 'உனக்கு யாராவது இருக்காங்களா?'ன்னு கேட்டார். யாருமில்லைன்னு சொன்னேன். ஒருத்தி இருக்கான்னு சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயம். வண்டியில ஒரு ரொட்டி கொடுத்தாங்க. அதைத் தின்னு முடிச்ச பிறகுதான் அவ ஞாபகமே வந்துச்சு. அதைத்தான் என்னால எழுத முடியலை, சுகிர்தம். பயந்தேன்னு எழுதலாம். மறந்தேன்னு எப்படி எழுதறது?"

"அப்புறம் தேடலையா?"

"எட்டு வருஷம் கழிச்சுப் போனேன். மரம் இருந்தது."

உபதேசியார் கதையை மிஷன் விடுதியில் இன்னொரு பையனிடமிருந்து எடுத்துக்கொண்டாராம். அந்தப் பையன் செத்துப் போனான். "உன் அப்பாகிட்ட உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. கூடப்பிறந்தவங்க இருக்காங்களான்னு அவரும் கேட்டார். இரண்டாவது தரமும் யாருமில்லைன்னே சொல்லிட்டேன்."

என் கோபம் தீரவில்லை என்று அவரிடமே சொன்னேன். தீர நாளாகும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். பிறகு இரண்டாவது கடிதத்தையும் கொடுத்தேன். 'போனவன்தான் திரும்பி வரணும்' என்ற வரியின் மேல் விரலை ஓட்டி மறுபடி படித்தார்.

பிப்ரவரி 28, சாம்பல் புதன்

அத்தியாயத்தை அவரே எழுதினார். ஒன்றரைப் பக்கம். இதில் அண்ணன் கஞ்சியோடு ஓடி வரவில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் எழுதியது பொய், வாசகர்கள் மன்னிக்க வேண்டும் என்று தொடங்குகிறது. ரொட்டியும் இருக்கிறது. சின்னியின் பெயரை அடித்துப் பூவாயி என்று எழுதியிருந்தார். முடிவு இல்லை. "அவளைக் கேட்காம முடிக்க எனக்கு உரிமையில்லை" என்றார்.

இதைப் படித்தால் மிஷன் பள்ளியில் வேலை இருக்குமோ, சபையில் என்ன சொல்வார்களோ! "போடத்தான் வேணுமா?" என்று கேட்டேன். "நீ சொல்லு" என்றார். நாள் முழுக்க யோசித்துவிட்டு, போடலாம் என்றேன்.

மார்ச் 3, சனி

விடியற்காலையில் அடுக்களையில் சத்தம். பார்த்தால் இவர்! அடுப்படிப் பக்கமே வராதவர், கண்ணாடியெல்லாம் புகை படிய, கேழ்வரகு மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் கரண்டியை வாங்கப் போனேன். "வேண்டாம், நானே செய்யணும்" என்றார். தூக்குச் சட்டியில் ஊற்றினார். ரயிலில் சிந்தாமல் இருக்க மூடியின் மேல் துணி போட்டுக் கயிற்றால் கட்டினார். அதே முடிச்சு.

குழந்தையையும் கூட்டிக்கொண்டு குடியாத்தத்துக்குக் கிளம்பினோம். ரயிலில் இவர் தூக்கை மடியை விட்டு இறக்கவில்லை. எதிரே இருந்த அம்மாள், "குழந்தைக்கா?" என்று கேட்டாள். "என் தங்கச்சிக்கு" என்றார். அந்தச் சொல்லை இவர் வாயில் நான் கேட்டது அப்போதுதான். வெயில் ஏற ஏறக் கஞ்சி புளித்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

குடியாத்தத்தில், நான் எழுதிக் கேட்டதற்குக் கோமளத்தம்மாள் சொல்லியிருந்த அடையாளப்படி போனோம். தெருக்கோடியில் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் கயிற்றில் கோத்த வளையல் மலாரத்தைப் பிரித்து, உடைந்ததைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றி அப்படியே இவருடையது. தலை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

இவர் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.  தூக்கை அவள் முன்னால் வைத்துவிட்டு அதன் மேலிருந்து கையை எடுக்காமல் இருந்தார். 

அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். முடிச்சைத் தடவிப் பார்த்தாள். தூக்கைத் தன் பக்கம் இழுத்தாள். நகத்தால் ஒரு தரம்கூட முயற்சி செய்யவில்லை. குனிந்து, முடிச்சைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்து அறுத்துத் துப்பினாள்.

பிறகு சொன்னாள்: "கஞ்சி வாங்கினு வர இம்மாம் நேரமா, அண்ணா?"

இவர் அழுதார். அவளும் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் யார் நம்பப் போகிறார்கள்? குழந்தை பூவாயி மட்டும் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறி அதட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மூடியைத் திறந்து, புளித்த கஞ்சியைத் தூக்கோடு வாயில் வைத்துக் குடித்தாள். நிறுத்தாமல் பாதி குடித்தாள். மீதியை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, கையில் எத்தனை வளையல் என்பதுவரை பார்த்தாள்.

"ஏன் அண்ணி," என்றாள், "உப்பே போடலியே. உங்க வூட்ல உப்புக்கும் பஞ்சமா?"

வந்து கால் மணி நேரம் ஆகவில்லை. காய்ச்சியவர் அவளுடைய அண்ணன், ஏச்சு எனக்கு. நாத்தனார் இல்லாத வீடு என்று பெருமூச்சு விட்ட சித்திகளுக்கு எழுத வேண்டும்.